குளத்துக்கு அக்கரையில் பிரிண்டர்

சுண்டம்பேரிக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டால், சொன்னது சொன்னபடி செய்து முடிப்பார்கள். சொன்னவர் மனசில் என்ன நினைத்துச் சொன்னார் என்று தோண்டித் துருவுகிற கெட்ட பழக்கம் அந்த ஊரில் யாருக்கும் கிடையாது. "கடையைக் கொஞ்சம் பார்த்துக்கிடும்" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போனால், போனவர் திரும்பி வரும்வரை அவர் கடையைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார். யாராவது உள்ளே புகுந்து தேங்காய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் அதையும் பார்ப்பார்.

அப்படிப்பட்ட ஊரில் பலவேசம் என்று ஒருவர் இருந்தார். ஊர் நலச்சங்கத்துக்குச் செயலாளர். வீடு குளத்துக்கரையில், மேலத்தெருவும் கீழத்தெருவும் சேருகிற முனையில். ஒரே மகள் கோமதி. அவளுக்குக் கரிசல்விளையில் ஒரு நல்ல இடம் கூடி வந்தது. பையன் குணசாலி. பையனின் அப்பா காந்திமதிநாதன்தான் கொஞ்சம் தயங்கினார்.

"பொண்ணு தங்கம்தான். ஆனா சுண்டம்பேரியில சம்பந்தம் பண்ணினா நாளைக்கு நம்மளையும் ஒரு மாதிரிப் பார்ப்பாங்களே" என்று யாரிடமோ இழுத்தாராம்.

அந்தப் பேச்சு பலவேசத்தின் காதுக்கு வந்து சேர்ந்தது. மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் நிச்சயதார்த்தத்தன்று, கல்யாணப் பத்திரிகையை எங்கே அடிக்கப்போகிறீர்கள் என்று யாரோ கேட்டதும், சபை நடுவில் எழுந்து நின்று தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டார்.

"டவுனுக்கெல்லாம் போக மாட்டோம். எங்க ஊர்லயே அடிக்கிறோம். கம்ப்யூட்டர் இருக்கு. பிரிண்டர் இருக்கு. என்ன இல்ல எங்க ஊர்ல?"

காந்திமதிநாதனின் புருவம் மேலே ஏறியது. "அப்படியா? சந்தோஷம். வர்ற வெள்ளிக்கிழமை நானே வாறேன். முதல் பத்திரிகையை என் கையால வாங்கிக்கிடுதேன்" என்றார்.

கம்ப்யூட்டர் இருந்தது உண்மை. பிரிண்டர் இருந்ததும் உண்மை. நடுவில் ஒரு குளமும் இருந்தது. அதைத்தான் பலவேசம் சபையில் சொல்ல மறந்துவிட்டார்.

குளம் நடுவில் வந்த கதை இப்படி. வெளிநாட்டுக்குப் போய் நன்றாக இருக்கிற ஊர்க்காரர் ஒருவர் இரண்டையும் வாங்கி அனுப்பி, "ஊருக்குப் பொதுவாக வையுங்கள்" என்று சொல்லியிருந்தார். சங்கம் கூடியது. மேலத்தெருவில் வைத்தால் அது மேலத்தெருவுக்குத்தான் பொது. கீழத்தெருவில் வைத்தால் கீழத்தெருவுக்குத்தான் பொது. சங்கத் தலைவர் ஆவுடையப்பன் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். ஊரிலேயே பெரிய மூளைக்காரர் அவர். நெற்றி அகலம் என்பதால் அப்படி ஒரு பெயர். கடைசியில், "தெருவுக்கு ஒண்ணு" என்று தீர்ப்புச் சொன்னார். மேற்குக்கரையில் மேலத்தெரு வாசகசாலையில் கம்ப்யூட்டர். அதற்கு நயினார் பொறுப்பு. கிழக்குக்கரையில் கீழத்தெரு மன்றத்தில் பிரிண்டர். அதற்குத் தங்கப்பழம் பொறுப்பு. நயினார் கம்ப்யூட்டருக்குத் தினமும் பூ வைத்தார். தங்கப்பழம் பிரிண்டரை ஒரு கைவைத்த நாற்காலியில் உட்காரவைத்து, வெயில் படாமல் ஜன்னலைச் சாத்தினார். இரண்டும் இதுவரை ஒன்றையொன்று பார்த்ததுகூட இல்லை.

பலவேசம் நேரே தங்கப்பழத்திடம் போனார். "வே, பிரிண்டரை ஒரு எட்டு மேலத்தெருவுக்குத் தூக்கிக்கிட்டு வாரும். காரியம் முடிஞ்சதும் கொண்டாந்து விட்டுருதேன்."

"நல்லாயிருக்கே! கீழத்தெருச் சாமான் அழைப்பில்லாம மேலத்தெருவுல போய் நிக்கணுமா? கம்ப்யூட்டரை இங்க வரச் சொல்லும்."

நயினாரிடம் கேட்டால், "கம்ப்யூட்டர்தான் மூத்தது. முதல்ல வந்து எறங்கினது. மூத்தது எளையதைத் தேடிப் போகாது" என்றார்.

வீட்டில் மனைவி உலகம்மாள் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "காலையில மினிபஸ் ஏறி டவுனுக்குப் போனா, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள அடிச்சு வாங்கிட்டு வந்திரலாம்."

"உனக்கு விவரம் பத்தாது" என்றார் பலவேசம். "சபையில சொல்லிட்டேன்."

டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவர் ஜெபராஜ். பொறுமைசாலி. பலவேசம் அவருக்குப் போன் போட்டார். சங்கத்தார் எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"இதுல என்ன இருக்கு அண்ணாச்சி, கேபிள் போட்டு இணைச்சிரலாம். ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்?" என்று கேட்டார் ஜெபராஜ்.

பலவேசம் போனைக் கையால் பொத்திக்கொண்டு சபையைக் கேட்டார்.

"கரையைச் சுத்திப் போனா ஒரு பீடி தூரம்" என்றார் நயினார்.

"அது நீரு குடிக்கிற பீடிக்கு. எங்க தெருப் பீடிக்கு ரெண்டு ஆகும்" என்றார் தங்கப்பழம்.

"சுத்திப் போறதை விடுங்க. கொக்கு பறக்குற மாதிரி நேராப் போனா எவ்வளவு?" என்றார் ஆவுடையப்பன்.

"கொக்கு எங்க நேராப் போகுது? நடுவுல மீனைக் கண்டா எறங்கிருதே" என்றார் நயினார்.

எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். பலவேசம் போனில் சொன்னார்: "மீன் இல்லாத நாள்ல ஒரு பீடி தூரம் தம்பி."

அந்தப் பக்கம் ஜெபராஜ் தூரக் கணக்கை விட்டுவிட்டார். பிறகு ஜெபராஜ், "நல்ல நீளமா கேபிள் கொடுத்து விடுதேன். இந்தக் கரையில கொஞ்சம் பேர், அந்தக் கரையில கொஞ்சம் பேர் நின்னு நல்லா இழுங்க. இழுத்து முடிச்சிட்டுப் பேசுங்க" என்றார்.

கேபிள் மினிபஸ்ஸில் வந்து இறங்கியது. மறுநாள் காலையில் மேற்குக்கரையில் மேலத்தெரு ஆண்கள் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கிழக்குக்கரையில் கீழத்தெரு ஆண்கள் உள்ளங்கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். பலவேசம் சங்கத்துச் செயலாளர், எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்பதால் இடுப்பளவுத் தண்ணீரில் குளத்து நடுவில் நின்றார். கேபிளின் நடுவில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. ஆவுடையப்பன் கையை உயர்த்தி இறக்கினார்.

அன்றைக்கு நடந்த இழுவையைச் சுண்டம்பேரியில் இன்னும் பேசுகிறார்கள். மேலத்தெருவில் ஆள் பலம் அதிகம். ஆனால் கீழத்தெருக்காரர்கள் கேபிளின் முனையை ஒரு வேப்பமரத்தில் கட்டிவிட்டு இழுத்தார்கள். மரத்தை யாரால் அசைக்க முடியும்? மேலத்தெருக்காரர்கள் தம் கட்டி இழுத்துக் களைத்த நேரம் பார்த்துக் கீழத்தெரு ஒரு சுண்டு சுண்டியது. நயினார் முன்னால், மற்றவர்கள் பின்னால், வரிசையாகக் குளத்துக்குள் இறங்கி, பலவேசத்தையும் சேர்த்து அள்ளிக்கொண்டு அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

பலவேசம் தலையைத் துவட்டிக்கொண்டே போன் போட்டார்.

"கேபிளை இழுத்தாச்சா அண்ணாச்சி?"

"இழுத்தாச்சு தம்பி."

"பிரச்சினை ஒண்ணும் இல்லையே?"

"இல்ல. கீழத்தெரு ஜெயிச்சிட்டு."

ஜெபராஜுக்கு விஷயத்தைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல், ஒரு முனையைக் கம்ப்யூட்டரிலும் மறுமுனையைப் பிரிண்டரிலும் சொருகச் சொன்னார். கரையோரம் மரத்துக்கு மரம் கேபிளைக் கொண்டுபோய்ச் சொருகினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிரிண்டர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தது.

"தூரம் ஜாஸ்தி இல்லையா, அதான்" என்றார் ஜெபராஜ். "சிக்னல் பாதி வழியிலேயே தளர்ந்து போயிரும். நடுவுல அதுக்குத் தெம்பு கொடுக்க ஏதாவது வைக்கணும். பொறுங்க, கடையில இருக்கான்னு பார்க்குதேன்."

கடையில் எதற்குப் பார்க்க வேண்டும்? தளர்ந்து வருகிறவனுக்குத் தெம்பு கொடுக்க சுண்டம்பேரிக்குத் தெரியாதா?

"சுக்குக் காப்பி வைப்போம்" என்றார் தங்கப்பழம்.

"கம்ப்யூட்டர் சூடாகக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அதுல இருந்து வாறது சூடாக் குடிக்குமா? நீச்சத்தண்ணிதான் சரி" என்றார் நயினார்.

"உப்புப் போட்டா, போடாமலா?"

இந்தக் கேள்விக்கு ஆவுடையப்பன் நெடுநேரம் யோசித்து, "அரை உப்பு" என்றார்.

உலகம்மாள் ஒரு சட்டி பழையசோற்று நீச்சத்தண்ணியும் சின்ன வெங்காயமும் எடுத்துக் கொடுத்தாள். "எனக்கென்ன, டவுன் பஸ் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னாள். கேபிள் போகிற வழியில் பாதித் தூரத்தில் ஒரு புளியமரம். அதன் அடியில் சட்டியை வைத்துவிட்டு, வருகிற சிக்னல் கூச்சப்படக் கூடாதே என்று எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது சட்டி காலி.

"வந்துட்டு! பாதித் தூரம் வந்துட்டு!" என்று துள்ளினார் பலவேசம்.

"ஆனா வெங்காயத்தைத் தொடலையே" என்றார் நயினார்.

"இன்னைக்கு விரதமா இருக்கும்" என்றார் ஆவுடையப்பன்.

பக்கத்தில் ஒரு வெள்ளாடு தாடியில் சோற்றுப் பருக்கையோடு நின்றுகொண்டிருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பிரிண்டரிடமிருந்துதான் அப்போதும் ஒரு சத்தமும் வரவில்லை. வயிறு நிறையக் குடித்துவிட்டுச் சிக்னல் புளியமரத்து நிழலில் கண்ணயர்ந்திருக்கும் என்று தங்கப்பழம் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்று சாயங்காலம்வரை அந்தப் பக்கம் போனவர்கள் எல்லாரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள்.

அடுத்த நாள் நயினார் ஓடி வந்தார். "அண்ணாச்சி, கம்ப்யூட்டர் வாயைத் திறந்துட்டு! திரையில எழுதியிருக்கு. என்னன்னு தெரியுமா? டிரைவர் இல்லையாம்!"

எல்லோரும் நெற்றியில் அடித்துக்கொண்டார்கள். இத்தனை நாளும் இது தோன்றவில்லையே! டிரைவர் இல்லாமல் எது போகும்?

மினிபஸ் டிரைவர் செல்லத்துரை அப்போதுதான் வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்த சனங்களிடம், "கோமதி கல்யாணக் காரியம்" என்று சொல்லிவிட்டு அவரை அழைத்துக்கொண்டு போனார்கள். வாசகசாலையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். செல்லத்துரை சுற்றுமுற்றும் பார்த்தார்.

"பிரேக் எது?"

"இதுல அதெல்லாம் இல்லியே" என்றார் நயினார்.

"பிரேக் இல்லாத வண்டியை நான் தொட மாட்டேன்."

"இங்க இருந்து அக்கரை வரைக்கும்தானே வே. இறக்கமும் கிடையாது."

செல்லத்துரை மனசில்லாமல் சம்மதித்தார். ஆனால் விசில் சத்தம் கேட்டால்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டார். தங்கப்பழம் அக்கரையில் நின்று விசில் அடித்தார். செல்லத்துரை மவுசை இடது பக்கம் ஒடித்துத் திருப்பினார். பஸ்ஸில் இருந்த சனங்கள் வண்டி கிளம்பிவிட்டது என்று நினைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். அதைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை.

பலவேசம் போன் போட்டார். அன்றைக்கு லைன் கரகரத்தது.

"தம்பி, டிரைவரைப் போட்டாச்சு. ஆனாலும் நகரலை."

"போட்டுட்டீங்களா? பரவாயில்லையே! என்ன டிரைவர், புதுசா பழசா?"

பலவேசம் செல்லத்துரையைப் பார்த்தார். காதோரம் நரைத்திருந்தது. "பழசுதான்."

"அதான் விஷயம். பழைய டிரைவரைத் தூக்கிருங்க. புது டிரைவரைப் போடுங்க."

நாலு பேர் கையையும் காலையும் பிடித்துச் செல்லத்துரையைத் தூக்கினார்கள். "இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு கோழியைக்கூட நான் அடிச்சதில்லையே வே!" என்று அவர் கத்தியது அக்கரைக்குக் கேட்டது. வாசலில் கொண்டு இறக்கிய பிறகுதான் அடுத்த சிக்கல். புது டிரைவருக்கு எங்கே போவது? ஊரில் டிரைவர் என்று இருப்பதே இவர் ஒருவர்தான்.

ஆவுடையப்பன் நெற்றியைச் சுருக்கினார். பிறகு பலவேசத்தின் வீட்டிலிருந்து, பெண்ணைத் தாரை வார்க்கும்போது கட்டுவதற்கென்று வாங்கி வைத்திருந்த பட்டு வேட்டியையும் சட்டையையும் கொண்டுவரச் சொன்னார். செல்லத்துரையைக் குளிப்பாட்டி, அதை உடுத்தி, நெற்றியில் சந்தனம் வைத்து மறுபடியும் உட்கார வைத்தார்கள்.

"இப்பப் புதுசா இருக்காரா இல்லியா?" என்றார் ஆவுடையப்பன்.

புத்தம் புதுசாகத்தான் இருந்தார். ஆனாலும் பிரிண்டர் அசையவில்லை.

வியாழக்கிழமை வந்துவிட்டது. கோமதி வாசலில் உட்கார்ந்து சிநேகிதிகளிடம், "எங்கப்பா இங்கயே அடிச்சுத் தாறாவ. உங்களுக்கெல்லாம் முதல்ல கொடுப்பேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது பலவேசத்தின் காதில் விழுந்தது. நாளைக் காலையில் சம்பந்தி வந்து நிற்பார். கையை நீட்டுவார். அந்தக் கையில் எதை வைப்பது? கேபிளையா? 'நான் அப்பவே சொன்னேன், சுண்டம்பேரி வேண்டாம்னு' என்று அவர் திரும்பிப் போகிற காட்சி அப்படியே கண் முன்னால் வந்தது. பலவேசம் கொல்லைப்புறம் போய் மாட்டுத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு போன் போட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் அழுதார்.

ஜெபராஜ் நல்ல மனுஷன். கடையைச் சாத்திவிட்டு மோட்டார் சைக்கிளில் தானே வந்து இறங்கினார். வேப்பமரத்தில் கட்டிய கேபிளைப் பார்த்தார். புளியமரத்தடிச் சட்டியைப் பார்த்தார். சந்தனப்பொட்டோடு உட்கார்ந்திருந்த செல்லத்துரையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டார்.

பிறகு கேபிளையெல்லாம் சுருட்டி எடுத்தார். வாசகசாலைக் கூரையில் ஒரு சின்னப் பெட்டி, மன்றத்துக் கூரையில் ஒரு சின்னப் பெட்டி, இரண்டையும் எதிரெதிராகத் திருப்பி மாட்டினார். கம்ப்யூட்டரில் என்னவோ செய்தார். அக்கரையில் பிரிண்டர் கரகரவென்று கனைத்துக்கொண்டு, சோதனைக்காகப் பூவும் வட்டமும் போட்ட ஒரு தாளை வெளியே நீட்டியது. தங்கப்பழம் அலறினார். பெண்கள் குலவை போட்டார்கள். செல்லத்துரை தன்னால்தான் ஓடியது என்று நினைத்துக்கொண்டு எழுந்து போய் மினிபஸ்ஸை எடுத்தார்.

"அவ்வளவுதான். காத்து வழியாவே போயிரும்" என்றார் ஜெபராஜ். "ரெண்டு பெட்டியும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கிட்டே இருக்கணும். நடுவுல எதுவும் மறைக்கக் கூடாது. அப்புறம், தயவுசெஞ்சு யாரும் எதையும் கையால தொடாதீங்க. பத்திரிகையை எழுதி பிரிண்ட் கொடுங்க, வந்திரும்."

அவர் மோட்டார் சைக்கிள் கண்ணுக்கு மறைந்ததும் சங்கம் வேலையை ஆரம்பித்தது. கொக்கு விரட்ட இரண்டு கரையிலும் ஆள் போட்டார்கள். கரையில் நடக்கிறவர்கள் எல்லாரும் குனிந்துதான் நடக்க வேண்டும் என்று ஆவுடையப்பன் உத்தரவு போட்டார். அன்றைக்கு அந்தக் கரையில் தலையைத் தூக்கி நடந்தது வெள்ளாடு மட்டும்தான்.

கையால் தொடக்கூடாதே! நயினார் ஒரு வேப்பங்குச்சியை ஒடித்து வந்து, ஒவ்வொரு எழுத்தையும் குச்சியால் குத்தினார். பலவேசம் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, முகூர்த்தம், மணமக்கள் பெயர், இரண்டு பக்கத்துப் பெரியவர்கள் பெயர், தாய்மாமன்மார், சங்கத்து உறுப்பினர்கள் அத்தனை பேர் என்று ஒன்றும் விடாமல் ஏறியது. எழுதி முடித்தபோது வெள்ளிக்கிழமை விடிந்து வெயில் ஏறியிருந்தது. கடைசியில் நயினார் கண்ணை மூடிக்கொண்டு பிரிண்டைக் குத்தினார்.

"வந்துட்டு! வந்துட்டு!" அக்கரையிலிருந்து தங்கப்பழத்தின் குரல்.

மொத்த ஊரும் குனிந்தபடியே ஓடியது.

தங்கப்பழம் தாளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். பலவேசம் வாங்கிப் பார்த்தார். தாள் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, வரிவரியாகக் கட்டங்கள். சின்னச் சின்னக் காலிக் கட்டங்கள். எழுத்து என்று ஒன்றுகூட இல்லை. தமிழ் எழுத்தை எப்படிப் போடுவது என்று பிரிண்டருக்குத் தெரியவில்லை, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கட்டம் போட்டுத் தப்பித்துக்கொண்டது.

பலவேசம் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். மற்றவர்கள் தாளைச் சுற்றிக் குனிந்து கவனமாகப் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் வந்திருக்கு. இந்தா, இதுதான் என் பேரு" என்றார் நயினார், ஒரு வரியில் விரலை வைத்து. "ந-யி-னா-ர். நாலு கட்டம். சரியா இருக்கு."

"அது நான்" என்றார் தங்கப்பழம்.

"உம்ம பேருக்கு நாலு கட்டம் எப்படிவே பத்தும்? நீரு பக்கத்து வரி."

"எனக்கு முன்னால 'திரு'ன்னு போடச் சொன்னேனே, அந்த ரெண்டு கட்டத்தைக் காணோம்" என்று ஆவுடையப்பன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "தலைவர் பேரைச் சும்மா மொட்டைக் கட்டமாப் போட்டா ஊர்ல என்ன மரியாதை?"

இந்தச் சண்டை பாதியில் இருக்கும்போதே கரையில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. காந்திமதிநாதன் இறங்கினார். சரிகைத் துண்டு, கையில் வெற்றிலைப் பை. ஊரே குனிந்து நிற்பதைப் பார்த்து, தனக்குத்தான் இத்தனை மரியாதை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்.

"எங்க சம்பந்தி, அச்சாயிட்டா?"

பலவேசம் தாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் நின்ற தங்கப்பழம் அதை வாங்கி முன்னால் கொடுத்துவிட்டார்.

காந்திமதிநாதன் கண்ணாடியை எடுத்து மாட்டினார். தாளைத் தூர வைத்துப் பார்த்தார். கிட்ட வைத்துப் பார்த்தார். ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு விரலை நகர்த்திக்கொண்டே போனார். பலவேசம் கண்ணை மூடி, கோமதியின் முகத்தை நினைத்துக்கொண்டார்.

"என்ன சம்பந்தி இது?" காந்திமதிநாதனின் குரல் தழுதழுத்தது. "எல்லாக் கட்டமும் காலியா இருக்கே!"

"ஆமா" என்றார் பலவேசம், கேட்கிறமாதிரியும் கேட்காதமாதிரியும்.

"செவ்வாய் இல்ல. சனி இல்ல. ராகு, கேது வாசமே இல்ல. நான் எத்தனையோ ஜாதகம் பார்த்திருக்கேன். எல்லாக் கட்டத்துலயும் எவனாவது ஒருத்தன் ஏறி உட்கார்ந்துக்கிட்டு உபத்திரவம் கொடுப்பான். இதுல கெடுதல் பண்ணணும்னு நினைச்சாலும் பண்ண ஆளே இல்லையே! யாரு ஜாதகம் இது?"

பலவேசத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. "கீழத்தெருப் பிரிண்டர் போட்டது..."

"பிரிண்டரா? பேரு புதுசா இருக்கு. இப்பல்லாம் வாய்க்குள்ள நுழையாத பேராத்தான் வைக்காங்க." காந்திமதிநாதன் பலவேசத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "என் இளையவனுக்குக் கடுமையான தோஷம் சம்பந்தி. எத்தனையோ ஜாதகம் பார்த்தாச்சு, ஒண்ணும் பொருந்தலை. இது ஒண்ணு போதும். பொண்ணுக்குப் பெரியவர் யாரு?"

தங்கப்பழம் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "நான்தான் இத்தனை நாளும் பார்த்துக்கிடுதேன்."

"பொண்ணு எப்படி?"

"ரொம்ப அடக்கம். உட்கார வச்ச இடத்தை விட்டு எறங்காது. யாராவது சொன்னாத்தான் வாயைத் திறக்கும்."

"எழுதத் தெரியுமா?"

"வேகமா எழுதும். ரெண்டு பக்கமும் எழுதும்."

"ஆகாரமெல்லாம்?"

"அது மைதான்."

"மைதாவா? உடம்புக்கு ஆகாதே. பரவாயில்ல, எங்க வீட்டுல கேப்பைக்கூழ் கொடுத்துப் பழக்கிருவோம்." காந்திமதிநாதன் பலவேசத்தின் பக்கம் திரும்பினார். "ரெண்டு கல்யாணத்தையும் ஒரே பந்தல்ல வச்சிருவோம் சம்பந்தி. பத்திரிகை எதுக்கு? அது வீண் அலைச்சல். நானே வீடு வீடாப் போய் வாயால சொல்லிக்கிடுதேன்."

பலவேசத்துக்கு உயிர் திரும்பி வந்தது. வீட்டு வாசலில் நின்ற உலகம்மாளைப் பார்த்தார். அவள் பஸ் வருகிற பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோமதி கதவுக்குப் பின்னால் ஒளிந்து சிரித்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எல்லோரும் மூச்சு விட்ட நேரம், நயினார் தொண்டையைக் கனைத்தார்.

"ஒரு சங்கதியை மறைச்சு வைக்கக் கூடாது பாருங்க. பின்னால தெரிஞ்சா சங்கடம். நேத்துத்தான் பிரிண்டரை எங்க மேலத்தெருக் கம்ப்யூட்டரோட சேர்த்து வச்சோம்."

காந்திமதிநாதனின் முகம் மாறியது.

"ஊரறியவா?"

"ஊரறியத்தான். குலவைகூடப் போட்டாங்க."

காந்திமதிநாதன் மன்றத்து வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்து, ஒரு வெற்றிலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார். கடைசியில், "அப்படி ஒரு ஜாதகத்தை விட மனசு வரலை. பழசை நாங்க பேச மாட்டோம். ஆனா முதல்ல ரெண்டையும் பிரிச்சு விடுங்க. பிரிச்சதை என் கண்ணால பார்த்துட்டுத்தான் எழுந்திருப்பேன்" என்றார்.

பலவேசம் ஜெபராஜுக்குப் போன் போட்டார்.

"தம்பி, நேத்து ரெண்டையும் சேர்த்து வச்சீங்கல்லா, இப்ப அவசரமாப் பிரிக்கணும்."

"ஏன் அண்ணாச்சி, என்ன ஆச்சு?"

"பிரிண்டருக்கு வரன் வந்திருக்கு."

அந்தப் பக்கம் கடை ஷட்டரை இறக்குகிற சத்தம் கேட்டது. பிறகு ஜெபராஜ் சொன்னார்: "ரெண்டையும் அணைச்சிருங்க அண்ணாச்சி. நல்லா அணைச்சிட்டுப் போய்ப் படுங்க." போனை வைத்துவிட்டார்.

அதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? நயினார் குனிந்தபடியே மேலத்தெருவுக்கு ஓடினார். தங்கப்பழம் மன்றத்துக்குள் ஓடி, நாற்காலியில் இருந்த பிரிண்டரை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். இத்தனை நாள் வெயில் படாமல் வைத்திருந்த பிரிண்டர் அல்லவா? அவருக்கு அழுகை வந்துவிட்டது. அவரைப் பார்த்துக் கீழத்தெருவே அழுதது. ஒவ்வொருவராக வரிசையில் நின்று அணைத்தார்கள். "வளர்த்த பாசம் பாருங்க" என்று காந்திமதிநாதனும் சரிகைத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் மேலத்தெருப் பக்கமிருந்து, கம்ப்யூட்டரைக் கட்டிப்பிடித்தபடி வாசகசாலை ஜன்னல் வழியாக நயினார் குளத்துக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி ஓங்கிக் கத்தினார்:

"அண்ணாச்சி! நானும் அப்ப இருந்து அணைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். திரையில இன்னும் வெளிச்சம் போகலை! இன்னும் கொஞ்சம் இறுக்கி அணைக்கவா?"